கஸ்பார் பிசைந்த மலைப்பாதை

லாரிக் கொட்டகை மேட்டில் நல்லுசாமி மூன்றாம் முறையாக வண்டியை அணைத்துவிட்டபோது, முதலாளி ஜமால் முகமது பாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்த மூத்த டிரைவர் கஸ்பார் சட்டென்று கீழே குதித்தார். மூடியைத் தூக்கி, பெட்ரோல் குழாயைக் கழற்றி, வாயில் வைத்து ஊதினார்.

"குழாயில தூசி, பாய். யாரு ஓட்டினாலும் நிக்கத்தான் செய்யும்."

தூசியுமில்லை, ஒன்றுமில்லை. பாய் உள்ளே போனதும் கஸ்பார் வாய்க்கசப்பைத் துப்பிவிட்டு, "கிளச்சை மெள்ள விடு, அப்பு" என்றார். அந்தப் பேச்சைப் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை.

நல்லுசாமி எரியோடு கிராமத்துக்காரர், வயது முப்பத்தெட்டு. இருபது வருஷம் மாட்டுவண்டி ஓட்டியவர். ஐம்பத்தேழாம் வருஷத்தில் அடைப்பான் நோய் வந்து ஒரே வாரத்தில் இரண்டு மாடும் போய்விட்டன. அடுத்த ஆவணியில் எப்படியோ லைசென்ஸ் வாங்கிவிட்டார். ஆனால் பாயின் லாரிக்கு வேலை மலையில். கொடைக்கானலுக்கு அரிசி ஏற்றிப் போய், உருளைக்கிழங்கு இறக்கி வரவேண்டும்.

"பொங்கலுக்குள்ள ஒரு லோடு நீயே எறக்கிக் கொண்டாந்தா வண்டி ஓட்டுற வேலை ஒனக்கு. இல்லாட்டி நத்தத்து ஆளுக்குக் குடுத்துருவேன்" என்று பாய் சொல்லிவிட்டார்.

நல்லுசாமி நேரே கஸ்பாரிடம் போனார். "வளைவுக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு தெரிய மாட்டேங்குதுண்ணே. அதுதான் பயம்."

"தெரிஞ்சா ஓட்டிருவியா?"

"ஓட்டிருவேன்."

"அப்ப மலையைக் கீழ கொண்டாந்துருவோம்" என்றார் கஸ்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நல்லுசாமி நினைத்தார்.

முன்சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார் கஸ்பார். அவர் ஓட்ட, நல்லுசாமி வெளியே தலையை நீட்டித் துணி சுற்றுவதை எண்ணவேண்டும். பத்துச் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை மடியிலிருந்து டப்பாவுக்குப் போகும்; ஒவ்வொரு வளைவும் எவ்வளவு நீளம் என்பதற்கு அதுதான் கணக்கு. ஸ்டியரிங் பக்கத்தில் பாதி தண்ணீரோடு ஒரு சோடா பாட்டில். தண்ணீர் சாய்வதைப் பார்த்து ஏற்றம் எவ்வளவு என்று கஸ்பார் பாட்டிலில் கீறல் போட்டுக்கொள்வார்.

நான்கு முறை இப்படி ஏறினார்கள். பிறகு கொட்டகைக்குப் பின்னால் குளத்துக் களிமண்ணோடு உமி சேர்த்துக் கஸ்பார் பிசைய, சுவர் நீளத்துக்கு மலைப்பாதை எழும்பியது. இரண்டு விரல் அகலச் சாலை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடுப் பள்ளம். நல்லுசாமி மண்ணில் குப்புறப் படுத்து, மோவாயைத் தரையில் வைத்து, மரக்கட்டையில் செய்த குட்டி லாரியைத் தள்ளுவார். அப்போதுதான் டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளைவு தெரியும். கஸ்பாரே எதிரே வரும் பஸ்ஸாகி, "பாம், பாம்" என்று வாயால் ஊதிக்கொண்டு வருவார்.

சோறு கொண்டுவந்த மாயம்மாள் இதைப் பார்த்துவிட்டாள். "புள்ளைக கூட இப்பிடி மண்ணுல பெரள மாட்டாக. எந்திரிங்க, வெஞ்சனம் ஆறிப்போச்சு" என்றாள் புருஷன் நல்லுசாமியிடம்.

"செத்த நேரம் பொறு தாயி, பஸ்ஸுக்கு வழி விட்டுட்டு வரட்டும்" என்றார் கஸ்பார்.

முனியாண்டி கல் இருக்கிற வளைவு மட்டும் மண்ணில் கொஞ்சம் சாவகாசமாகத் திரும்பியது. கஸ்பாருக்கே ஒரு சந்தேகம் தட்டியது. ஆனாலும் புளியங்கொட்டை சொன்ன கணக்கு என்று விட்டுவிட்டார்.

மார்கழிக் கடைசியில் நல்லுசாமி கிழங்கு லோடோடு மலையிலிருந்து இறங்கினார். பக்கத்தில் கஸ்பார் கையில் ஜெபமாலை. வளைவு ஒவ்வொன்றும் பழகின முகமாக வந்தது.

"முனியாண்டி வருது. எறக்கத்துல நிக்காத, அப்பு. மனசுக்குள்ள கும்பிட்டுட்டுப் போயிரு. வளைவு லேசுதான்."

நல்லுசாமிக்கு மனசு கேட்கவில்லை. ஏறும்போதெல்லாம் ஒதுங்கி நின்று எலுமிச்சம்பழம் வைத்த சாமி. கியரைக் குறைத்து, மாட்டுவண்டி வேகத்துக்குக் கொண்டுவந்து, கல்லோரம் ஒதுக்கப் போனார். அப்போதுதான் கண்டார்: சாலை முழங்கை மாதிரி மடங்கிக் கிடந்தது. மண்பாதையில் பழகின வேகத்தில் வந்திருந்தால் முன்சக்கரம் பள்ளத்தில் இருக்கும்.

வண்டி நின்றது. கஸ்பார் இறங்கி, வளைவை அடியால் அளந்தார். 

"அட மாதாவே! கும்பிட ஒதுங்குன சுத்தையும் சேத்துல்ல எண்ணிப்புட்டோம்!"

அந்தக் கூடுதல் சுற்றுகளால்தான் மண்ணில் வளைவு நீண்டு லேசாகிப்போயிருந்தது. எண்ணியவருக்குக் கண் முழுக்கச் சக்கரத்தில், சாலையைப் பார்க்கவேயில்லை; ஓட்டியவருக்கோ கை பழக்கத்திலேயே திரும்பிவிடும். இருவரும் கல்லின் முன்னால் நின்றார்கள். ஒருவர் கைகூப்பினார், மற்றவர் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று மாலை லோடு பத்திரமாகக் கொட்டகை சேர்ந்தது, வண்டி நல்லுசாமிக்கானது. மறுநாளே கஸ்பார் மண்ணை நனைத்து அந்த வளைவை மடக்கி, ஒரு கூழாங்கல்லையும் நட்டுவைத்தார்.

அறுபத்துமூன்றாம் வருஷத்தில் மகள் வீட்டோடு இருக்கக் கோலாருக்குப் போனார் கஸ்பார். பின்னால் அங்கேயே கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார். அவர் புறப்பட்ட அன்று ரயிலடியில் கொய்யாப்பழக் கூடையைக் கொடுத்து வழியனுப்பினார் நல்லுசாமி. ரயில் நகரும்போது கஸ்பார் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"முனியாண்டிகிட்ட நிக்காதன்னு அன்னிக்குச் சொன்னேன்ல, அதை மறந்துரு அப்பு. நின்னே போ. எனக்கும் சேத்து ஒரு எலுமிச்சம்பழம் வையி."