பக்கத்து சீட்டில் இருந்தவன்

மழை பெய்தால் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு. சிவகாசி பிரவுசிங் சென்டருக்குப் போய் ஆன்லைனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவோம். கம்பெனியில் பெட்டி ஒட்டும் பெண் ஒருத்தியும் வருவாள். எங்கள் எல்லாரையும் ஜெயித்துவிடுவாள்.

ஒருநாள் அவள் திரையில், "ஏ பசைச்சட்டி, சோறு பொங்கப் போடி" என்று தொடங்கி, வாயால் சொல்ல முடியாத அசிங்கமெல்லாம் வந்தது. பொய்ப் பெயரில் அதை டைப் அடித்தவன் என் பக்கத்து சீட்டில் இருந்தான்; அவன் அடிப்பதைப் பார்த்தேன். கம்பெனியில் என்னோடு ஒரே ரூமில் வெடிமருந்து அடைப்பவன்.

அவள் எழுந்து என்னிடம் வந்தாள். "அண்ணே, பசைச்சட்டிங்கான். இங்கன உள்ளவன்தான். யாருன்னு பாத்தீகளா?"

"பாக்கலைம்மா" என்றேன்.

கம்பெனியில் சின்னப் பொறியைக் கண்டாலும் மற்றவர்களுக்குக் கேட்கும்படி கத்திவிட்டுத்தான் ஓடுவோம். அன்றைக்கு நான் கத்தவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்தது. அவள் அங்கே வரவில்லை.