ஹாஜியார் வீட்டுக் கல்லில் ஒன்பது விலா

கொட்டாஞ்சேனையில் ஓட்டை வாய்க்குப் பெயர் போனவர் கொன்ஸ்ரன்ரைன் அண்ணன். முப்பது வருடமாக எங்கள் கல்லுக்கடையில் கல் வெட்டும் பாஸ் அவர்தான்; கைத்தொழில்காரரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. நான் டோரின், அதே கடையில் பில் எழுதுகிறவள். செத்த வீட்டிலும் மனிதர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார் என்பதால், அவருடைய மனைவி இமெல்டா அவரைத் தனியே அனுப்புவதில்லை. முதலாளி இப்திகார் மூன்று தரம் அவரை வேலையால் நிறுத்தி, மூன்று தரமும் கிழமை முடிய முன்னரே திருப்பிக் கூப்பிட்டார். அவரைப்போல் கல்லின் விளிம்பை இழைக்க வேறு ஆள் கிடைக்கவில்லை.

போன வருடம் வெள்ளவத்தை ஸவாஹிர் ஹாஜியார், மகள் ரிஸ்லாவுக்குக் கொடுக்கக் கட்டிய வீட்டின் குசினியில் சமையல் மேடைக்குக் கல் எடுக்க வந்தார். எகிப்திலிருந்து வந்த வெண்மஞ்சள் சுண்ணாம்புக் கல் மூன்று பலகை.

"தேசிக்காய்ப் புளி பட்டா கறை விழும், ஹாஜியார்," என்றார் பாஸ். முதலாளி இருமினார். ஆனால் ரிஸ்லாவுக்கு அந்த நிறம் பிடித்துவிட்டது. கலியாணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. வேறு கல் வரவழைக்க நேரமும் இல்லை.

பலகைகளைக் கழுவும்போதுதான் பாஸ் அதைக் கண்டார். தேத்தண்ணி நிறத்தில், முட்டை வடிவில், வரிசையாக ஒன்பது வட்டம். மூன்றும் ஒரே பாறையில் அடுத்தடுத்து அறுத்த பலகைகள். அவற்றை அறுத்த ஒழுங்கில் நிறுத்தினார், வெட்டிய பாண் ரொட்டியைத் திரும்பச் சேர்ப்பதுபோல. ஒவ்வொரு வட்டமும் அடுத்த பலகையில் கொஞ்சம் தள்ளி இருந்தது. சோக்கட்டியால் கோடு இழுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"டோரின், இது பூ இல்ல. விலா எலும்பு."

எலும்பின் நடுவில் பொந்து இல்லை, முழுக்கக் கட்டி. அப்படிப்பட்ட எலும்பை அவர் சின்ன வயதில் மன்னாரில், பேசாலையில், தாயின் சொந்தக்காரர் வீட்டில் தூக்கிப் பார்த்திருக்கிறார். அவர் சொல்வதைக் கேட்பதற்கு ஆள் வேண்டுமே. பல்கலைக்கழகத்துக்குப் போன் அடித்துப் பஹ்மிதா என்ற விரிவுரையாளரை வரவழைத்துவிட்டார். பஹ்மிதா மிஸ் முழங்காலில் இருந்து பார்த்தார். நாலு கோடி வருடத்துக்கு முந்தியது என்றார். கடலில் புல் மேய்ந்த விலங்கு. இன்றைக்கு மிஞ்சியிருக்கும் சொந்தக்காரரில் யானையும் ஒன்று. அந்தக் காலத்தில் அதற்குக் குட்டையாகப் பின்னங்கால்கூட இருந்ததாம்.

"தயவுசெய்து வெட்டாதீங்க, பாஸ்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் கல் ஹாஜியாருடையது. சிங்குக்கு வெட்டவேண்டிய ஓட்டையோ விலாக்களின் குறுக்கே விழுந்தது.

பின்னேரம் ஹாஜியார் வந்தார். வட்டங்கள் நன்றாகத் தெரியட்டும் என்று பாஸ் கல்லில் தண்ணீர் ஊற்றினார். ஹாஜியார் ஈரக் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எலும்பு கல்லாகி ஈக்குதே. அதுக்கென்ன பாஸ், நீங்க வெட்டுங்க."

"இது சும்மா எலும்பில்ல, ஹாஜியார்!" பாசுக்குப் பெருமை தாங்கவில்லை. "இது எங்கட கடல் பன்றி!"

ஹாஜியார் கையை எடுத்தார். வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் முதலாளிக்குப் போன் வந்தது: கல் வேண்டாம்.

முதலாளி கத்திய கத்து ரோட்டுவரை கேட்டது. எனக்கோ உள்ளுக்குள் சந்தோசம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் முதல் தரமாகத் தன் வாயால் ஒன்றைக் காப்பாற்றியிருந்தது.

மறுநாள் மத்தியானம் அண்ணன் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவில்லை.

"டோரின், அது பன்றியில்லையே. பேசாலையில பேர்தான் அப்பிடி."

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ."

"மனுசன் ஈரக் கையோட போனவர். வீட்டை போய் ஏழு தரம் கழுவினவராம், ஒரு தரம் மண்ணோட. பன்றி பட்டா அதுதான் முறையெண்டு முதலாளி சொன்னவர். மகளின்ர வீட்டுக்குப் பன்றி வாங்கப் பாத்தனெண்டு அழுதவராம்."

எனக்குக் கோபம் வந்தது. சும்மா இருந்தால் விலா தப்பும். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதை நான் சொன்னேன். அவர் எழும்பிச் சட்டையை மாற்றினார். தனியே விட்டால் இன்னும் என்ன கதைப்பாரோ என்று பயந்து நானும் பஸ் ஏறினேன்.

வெள்ளவத்தையில், அந்தப் புது வீட்டில், ரிஸ்லாதான் கதவைத் திறந்தார். பாஸ் உட்காரவும் இல்லை.

"ஹாஜியார், அது பன்றியில்ல. யானைட சொந்தம். யுனிவர்சிட்டி மிஸ் சொன்னவ, வேணுமெண்டா அவவிட்டக் கேளுங்கோ. நான்தான் பேரை மாத்திச் சொல்லிப்போட்டன்."

ஹாஜியார் எழும்பி வந்தார். "அப்ப கல்லு எங்களுக்குத்தானே?"

"ஓம்."

"இத நீங்க செல்லாம ஈந்திருந்தா?"

"கல்லு தப்பியிருக்கும்."

"கலியாணம் ஈக்குது, பாஸ். வேற கல்லுக்கு இனிப் போக ஏலா."

"தெரியும், ஹாஜியார்." பாஸ் ரிஸ்லாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, சிங்கை ஒரு சாண் இடப்பக்கம் தள்ளலாமோ?"

சிங்குக்கு வெட்டும்போது விழுகிற துண்டு கழிவு; அது கடைக்குத்தான். காஸ் அடுப்புக்கு வெட்டும் துண்டும் அப்படியே. ஓட்டைகளைக் கொஞ்சம் நகர்த்தினால் விலாக்கள் அந்தத் துண்டுகளோடு வெளியே வரும். ரிஸ்லா குசினி ஜன்னலைப் பார்த்தார். சிங்க் அதற்கு நேராக வராது, கடல் தெரியாது.

"தள்ளுங்க, அங்கிள்," என்றார்.

எப்படி அளந்தும் ஒன்பதும் உள்ளே வரவில்லை. ஆறு வந்தன. வெட்டுக் கோட்டில் விழுந்த மற்ற மூன்றையும் வேறு யாரும் தொட வேண்டாம் என்று பாஸ் தன் கையாலேயே அறுத்தார். அறுத்து முடித்து அழுதார். தூசி என்று சொல்லவில்லை. அவருக்குப் பொய் வராது.

துண்டுகளை எடுக்க வந்த பஹ்மிதா மிஸ், காட்சிக்கு வைக்க மூன்று மொழியிலும் பெயர் எழுத வேண்டும் என்றார். சிங்களத்திலும் அதற்குக் கடல் பன்றி என்றுதான் பெயராம்.

"தமிழில என்ன போடுற, பாஸ்?"

"கடற்பசு எண்டு போடலாமே," என்றேன் நான்.

"பசுவைக் கும்பிடுற ஜிந்துப்பிட்டி ஆக்களும் எங்களிட்டத்தான் குசினிக்குக் கல்லு எடுக்கினம்," என்றார் அண்ணன். பிறகு வாயைத் திறந்தார். பேசாலையில் கேட்ட அந்தப் பழைய சொல் நாக்கு நுனிவரை வந்ததை நான் கண்டேன். முப்பது வருடத்தில் முதல் தரமாக அவர் ஒரு சொல்லை விழுங்கினார்.

"யானைட சொந்தம் எண்டு மட்டும் எழுதுங்கோ, மிஸ்."