மூன்று தரம் கேட்க வேண்டிய கேள்வி

கூட்டு நிலத்தை வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் பணம் வைக்காதவனைக் கப்பலில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள் என்று, ஒன்பது வயதில், நான் சத்தியமாக நம்பினேன். சொன்னவர் மாமா. தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றுகிறவர். கப்பல் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவில் ஒரு பனைவிளை, பாகம் பிரிக்காதது. நடுவில் ஒரு கிணறு. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் அந்தத் தண்ணீர் எப்படி இனித்தது என்பது யாருக்கும் விளங்காத காரியம். பக்கத்து உப்பளக்காரருக்குச் சித்தப்பாவின் பாதிமேல் கண். உலகச் சண்டைக் காலம், உப்புக்கு நல்ல கிராக்கி. அங்கேயும் பாத்தி கட்டி உப்புத் தண்ணீரை விட்டால் கிணறும் போகும், எங்கள் பாதிப் பனைகளும் போகும் என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டு அடுப்பு அந்தப் பனைகளை நம்பித்தான் எரிந்தது.

எங்கள் ஊரில் நிலத்தை விற்பவர் முதலில் கூட்டுக்காரரைக் கேட்க வேண்டும். அவர் வேண்டாமென்றால் அடுத்த வரப்புக்காரரை. அப்புறம்தான் வெளியாள். அதுவும் காதோடு காதாக அல்ல; நிலத்திலேயே, எல்லைக் கல்லருகில், நாலு பேர் கேட்க, மூன்று தரம். அப்பா இல்லாததால் கூட்டுக்காரர் நான். கால்சட்டையின் பின்பக்கம் ஒட்டுப் போட்ட நிலச் சொந்தக்காரர்.

"சித்தப்பா கேட்டா வாங்குதோம்னு சொல்லணும். தெளிவாச் சொல்லணும், என்ன?" என்றாள் அம்மா.

"துட்டு?"

"நீ சொல்லுலே."

வீட்டில் துட்டு இல்லை என்பது எனக்கே தெரியும். மாமாவிடம் ஓடினேன். அவர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "வாங்குதேன்னு சொல்லிட்டுத் துட்டு வைக்கலேன்னா கப்பல்தாம்லே. கொழும்புல தேங்கா உரிக்க ஆள் தேடுதான்" என்றார்.

"வேண்டாம்னு சொன்னா?"

"உங்கம்மை உன்ன உரிச்சிருவா."

அதன்பின் சோறு இறங்கவில்லை. ஊமையாகிவிட்டால் தப்பிக்கலாம் என்று ஒரு பகல் முழுக்கப் பேசாமல் பழகினேன். வீட்டில் யாரும் கவனிக்கவே இல்லை.

குறித்த நாள் மாலையில் எல்லைக் கல்லருகே பெரியவர்கள் கூடினார்கள். உப்பளக்காரர் வெயில் தாழ்ந்த பிறகும் குடையை மடக்காமல் நின்றார். அம்மா முக்காட்டோடு கிணற்றடியில் ஒதுங்கியிருந்தாள். தூரத்துக் கடலில், கரைக்கு வர முடியாத பெரிய கப்பல் ஒன்று நங்கூரம் போட்டிருந்தது. யாருக்காகக் காத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா!

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "ஏலே, அண்ணன் மவனே, என் பாதிய நான் விக்க..."

"வாங்குதோம்!"

நான் போட்ட கூப்பாட்டில் பனையிலிருந்த காக்கைகள் கிளம்பிவிட்டன. "அண்ணாச்சி, பய கேக்க முந்தியே கிரயத்த முடிச்சிட்டானே!" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. கால்சட்டை நனைந்தது தெரியாமலிருக்க நான் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டேன்.

சித்தப்பா சிரிக்கவில்லை. இரண்டாம் தரம் கேட்கவில்லை; மூன்றாம் தரமும் கேட்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிணற்றடியைப் பார்த்து, "போதுமா மைனி?" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். உப்பளக்காரர் எங்கள் விளைக்குள் புகுந்து, சொந்த முற்றத்தில் உலாத்துகிறவரைப் போல நடந்து போனார்.

வீடு வரும் வழியெல்லாம் கப்பல்காரர்கள் பிடிக்க வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. அப்படியானால் நிலம் நமக்குத்தான் என்று முடிவுகட்டி, விட்ட சோற்றையெல்லாம் சேர்த்துச் சாப்பிட்டேன். அம்மா தட்டைத் தொடவில்லை. சந்தோஷத்தில் பசி மறந்துவிட்டது போலும் என்று அவள் சோற்றையும் நானே தின்றேன்.

மறுவாரம் சித்தப்பா பாதியிலிருந்த பனைகளை வெட்டினார்கள். அடுத்த கோடைக்குள் கிணறு உப்பாயிற்று.

சித்தப்பா தம் பாதியை உப்பளக்காரருக்கு எழுதிக் கொடுத்து, என்னைக் கேட்ட அன்றைக்கே ஒரு மாதம் ஆகியிருந்தது. ஊர் வழக்கம் கோர்ட்டில் நிற்காது என்று வக்கீலும் கைவிரித்திருந்தார். எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். ஊரறிய, கூட்டுக்காரன் என்று என்னையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் அவள் சித்தப்பாவிடம் முன்பே போய்க் கேட்டிருந்தாள்.