கண்ணாடிக்கூடத்தில் ஏழு செடிகள்

தொண்ணூறுகளின் நடுவில் நான் இத்தாலியில், பகேரியா என்ற ஊரில், சின்யோரா என்று நான் கூப்பிடும் ஒரு அம்மாவின் வீட்டில் வேலை செய்தேன். நானும் கணவரும் இருந்தது பக்கத்து நகரத்தில், சீசா என்ற பகுதியில், நான்காம் மாடியில். காலையில் பஸ் எடுத்து ஸ்டேஷனுக்கு, அங்கிருந்து ரயில். சின்யோரா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவரைச் சின்யோரே என்பேன்; அவருக்கு வயிற்றில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் நாலைந்து நாளுக்கு அவருக்குத் தண்ணீர்கூடத் தங்காது. நான் வாளியோடு அவருடைய அறைக்கும் குளியலறைக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பேன்.

வீட்டின் பின்னால் ஒரு கண்ணாடிக்கூடம் இருந்தது. பூக்கன்றுகள் வளர்க்க முன்பு யாரோ கட்டியது. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி என்பதால் எந்நேரமும் ஈரம். காலையில் கதவைத் திறந்தால் யாரோ சுடுதண்ணீரில் குளித்துவிட்டுப் போன அறை மாதிரி ஆவி முகத்தில் அடிக்கும். அந்த ஏப்ரலில் சின்யோரா அதற்குள் ஏழு செடிகளை வைத்தார்.

அவர் இத்தாலியனில் சொன்னவையெல்லாம் எங்களுடைய தமிழாகத்தான் என் நினைவில் இருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

"வந்தவுடனை யன்னலுகளைத் திறந்துவிடும். போகேக்கை பூட்டும். வேறை ஒண்டும் செய்ய வேண்டாம். ஒருத்தரோடையும் கதைக்கவும் வேண்டாம்."

"என்ன கண்டு, சின்யோரா?"

"அவருக்கு மருந்து. ரெண்டு இனத்தைக் கலந்து எடுத்தது. கெதியாப் பூக்குமாம். அக்காவின்ரை மகன் ஹொலண்டிலையிருந்து விதை கொண்டந்தவன்."

மருந்துச் செடி என்றே நம்பினேன். ஆடி மாதமளவில் ஒரு சனிக்கிழமை நானும் என் கணவரும் சந்தைக்கு மீன் வாங்கப் போனோம். உடுப்புக் கடை ஒன்றில் தொங்கிய கறுப்பு ரீசேட்டின் நெஞ்சில் அதே இலை. ஏழு விரல்கள், ஓரமெல்லாம் பல்.

"என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?" என்றார் கணவர்.

"இந்த இலை சின்யோரா வீட்டிலை நிக்குது."

"உது கஞ்சாவெல்லே!" என்றவர், சுற்றிவரத் தமிழ் விளங்கக்கூடிய ஒருவரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எத்தினை கண்டு?"

"ஏழு."

என்னை இழுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார். கதவைப் பூட்டியதும், "இண்டையோடை அந்த வேலையை விட்டிடும்" என்றார்.

"விட்டிட்டு? நவம்பரிலை என்ரை பெர்மெஸ்ஸோ முடியுது. வேலை குடுக்கிற கடிதம் இல்லாமல் புதுப்பிப்பாங்களோ?"

அதுதான் சிக்கல். பெர்மெஸ்ஸோவுக்கு, அதாவது நான் இந்த நாட்டில் தங்கியிருக்கும் அனுமதிக்கு, சின்யோராவின் கையெழுத்து வேண்டும். அதே சின்யோராவின் செடிகளால் என்னை நாட்டை விட்டே அனுப்பவும் கூடும். ஊரில் அப்போது சண்டை, திரும்பிப் போக முடியாது. கணவர் பிரான்காச்சோவில் ஒரு தச்சுப் பட்டறையில் வேலை செய்தார். அவருடைய பெர்மெஸ்ஸோவுக்கும் அந்த வருடம்தான் முடிவு. இரவுச் சாப்பாட்டின்போது அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"சரி, போம். ஆனால் அதைத் தொடாதையும். யன்னலைக்கூட முழங்கையாலை திறவும்."

உண்மையாகவே முழங்கையால் திறந்தேன். பூக்கத் தொடங்கிய பிறகு உடுப்பெல்லாம் அதன் மணம் வேறு. ரயிலில் யாராவது மூக்கைச் சுருக்கினால் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன். பொலிஸ் வாகனம் ஒன்று தெருவால் போனால் கையிலிருக்கும் கோப்பையை வைத்துவிட்டு, அது திரும்பும்வரை யன்னலடியில் நின்று பார்ப்பேன்.

ஒக்டோபரில் மழை பிடித்தது. கண்ணாடியின் உட்புறமெல்லாம் தண்ணீர் வழிந்தது. ஒரு காலை, பெரிய பூங்கொத்து ஒன்றின் நடுவில் சாம்பல் தூவியதுபோலக் கண்டேன். பூஞ்சணம். ஊரில் எங்கள் வீட்டார் புகையிலை பயிரிட்டவர்கள். ஈரத்தில் அடுக்கிய இலைக்கு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஓரிடத்தில் பிடித்தால் ஒரு கிழமைக்குள் எல்லாம் போய்விடும். சின்யோராவுக்குக் கண்ணில் வெண்படலம். அந்தச் சாம்பல் அவருடைய கண்ணுக்குத் தெரியாது.

நான் சொல்லவில்லை. மறைப்பானேன், எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அழுகட்டும், தானாக அழுகிப் போனால் யார்மேலும் பிழையில்லை என்று நினைத்தேன். இரண்டு நாள் அப்படியே யன்னலைத் திறந்தேன், பூட்டினேன்.

மூன்றாம் நாள் சின்யோரே புதிதாக விரித்த விரிப்பிலேயே சத்தி எடுத்துவிட்டார். ஆறடி மனிதர், அப்போது ஒரு சிறு பிள்ளையின் பாரம்தான் இருப்பார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளும், நேற்றுத்தானே தோய்ச்சனீர்" என்றார்.

விரிப்பைத் தோய்க்கப் போட்டுவிட்டுக் குசினிக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கூடத்துக்குப் போனேன். இரண்டு செடிகள் முற்றாகப் போயிருந்தன. இன்னும் மூன்றில் பாதிதான் மிஞ்சியது, மற்ற இரண்டும் தப்பியிருந்தன. அழுகியதையெல்லாம் வெட்டிப் பையில் போட்டுக் கட்டினேன். எல்லா யன்னல்களையும் அகலத் திறந்து, பழைய துணியால் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சின்யோரா வாசலில் நின்றார்.

"என்ன செய்யிறீர்?"

"பூஞ்சணம், சின்யோரா. ரெண்டு நாளா எனக்குத் தெரியும். வேணுமெண்டுதான் சொல்லேல்லை."

"ஏன்?"

தெரிந்த அரைகுறை இத்தாலியனில் எல்லாவற்றையும் கொட்டினேன். ரீசேட், ரயில், கணவர், நவம்பர் மாதம். "இதைப் பிடிச்சால் உங்களுக்கு வக்கீல் வருவார். என்னைப் பிளேனிலை ஏத்தி விட்டிடுவாங்கள்" என்றேன். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

அவர் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பூச்சாடியின்மேல் இருந்துவிட்டார். கட்டி வைத்திருந்த பையைப் பார்த்தார். பிறகு, "நான் என்ரை மனுசனை மட்டுந்தான் யோசிச்சன். உம்மை யோசிக்கேல்லை" என்றார்.

அன்றைக்கே மிஞ்சிய நல்லதையெல்லாம் தன் கையாலேயே வெட்டினார். அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தார். நான் மத்தியானக் கோப்பைகளைக் கழுவி முடிக்குமுன் கார் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எங்கே என்று நான் கேட்கவில்லை. வேர்களைப் பிடுங்கியதும், முழந்தாளில் நின்று தரையைத் தேய்த்ததும் அவர்தான். என்னைக் கிட்ட வரவிடவில்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து மேசையில் இருந்து, பெர்மெஸ்ஸோவுக்கான கடிதத்தை எழுதிக் கையெழுத்து வைத்தார். கேட்பதற்கு எனக்கு அதுவரை தைரியம் வராத கடிதம் அது.

அடுத்த முறை சின்யோரே மருந்து ஏற்றி வந்தபோது, அக்கா வீட்டிலிருந்து வந்ததைச் சின்யோரா அவருக்குக் கொடுத்தார். அன்று பின்னேரம் சின்யோரே ஒரு கோப்பை சூப், உள்ளே சின்னப் பாஸ்தா போட்டது, முழுவதையும் குடித்துவிட்டு, "இன்னும் இருக்கோ?" என்று கேட்டார். நானும் சின்யோராவும் குசினியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்று, கரண்டி கோப்பையில் படும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த கோடையில் சின்யோரே ஒருவரின் உதவியும் இல்லாமல் கடற்கரைவரை நடந்து போய்வந்தார்.

அந்த வருட நவம்பரில், பெர்மெஸ்ஸோ கொடுக்கும் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்கு என்னை வரச் சொன்னார்கள். சின்யோரா தன் நல்ல மேலங்கியைப் போட்டுக்கொண்டு கூடவே வந்து, இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றார். அதிகாரி கடிதத்தைப் பார்த்தார்.

"இவ என்ன வேலை?"

"வீட்டு வேலை" என்றார் சின்யோரா.

"தோட்டமும் பாக்கிறாவோ?"

"இல்லை, இல்லை! வீட்டுக்குள்ளை மட்டுந்தான்!"

அவர் சொன்ன வேகத்தில் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் சின்யோரா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

அவர் ஸ்டேஷனுக்குப் போக, நான் சீசா பஸ்ஸில் ஏறினேன். யன்னலோரம் இருந்ததுதான் தெரியும். சாரதி என் தோளில் தட்டி, "சின்யோரா, இதுதான் கடைசித் தரிப்பு" என்று எழுப்பினார். எங்கள் இடத்தைத் தாண்டி எவ்வளவோ தூரம் வந்துவிட்டேன். நடந்தே திரும்பினேன். கணவர் கீழே வாசலில் நின்றார்.

"எங்கை போனனீர் இவ்வளவு நேரமும்?"

"பஸ்ஸிலை நித்திரையாப் போனன்."

"குடுத்திட்டாங்களோ?"

"ஓம். ரெண்டு வருசம்."

அவர் அந்தப் படியிலேயே இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். மேலே ஏற இருவருக்கும் கொஞ்ச நேரம் எடுத்தது.