இரண்டு வம்சத்தைக் கலந்து கொடுத்தவர்

தேயிலை விலை சரிந்து ஃபேக்டரிகள் மூடிக்கொண்டிருந்த நாட்களில் கோத்தகிரியில் அவரைச் சந்தித்தேன். ஃபேக்டரியில் தேநீரை ருசித்துத் தரம் சொல்லிக்கொண்டிருந்தவர், அது மூடியதும் கம்ப்யூட்டர் கடை போட்டிருந்தார். குரங்குக் குல்லாயும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக உட்கார்ந்து, குடும்பங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்த தனித்தனி வம்சாவளி பைல்களை ஒன்றாக்கித் தருவார். இரண்டு பைலிலும் ஒத்துப்போகும் பெயர்களைக் காட்டி, ‘இந்த இருவரும் ஒரே ஆளா?’ என்று கம்ப்யூட்டர் கேட்கும்போதெல்லாம், பழைய தொழில் பழக்கத்தில் தேநீரை ஒரு வாய் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டுத்தான் பதில் தட்டுவார். பல குடும்பங்களின் தாத்தாக்கள் யாரென்று அப்படித்தான் முடிவானது.

என் பைலையும் மாமியார் வீட்டுப் பைலையும் கொடுத்தேன். மாமியார் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அக்காதான். அவள் மகளைத்தான் கட்டியிருக்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தை விற்பதா வேண்டாமா என்ற சண்டையில் அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

“ஏனுங்க, அக்கா ஊட்டு பைல்ல நீங்க மாப்பிள்ளையா இருக்கறீங்க. தம்பின்னு யாரையுங் காணோமுங்களே?” என்றார்.

“சண்டையில அக்காதான் எடுத்திருப்பாங்க.”

“மாப்பிள்ளைய எடுக்க முடியாதுங்களே. புள்ள வாழோணுமில்லீங்க.”

கம்ப்யூட்டர் அதே கேள்வியைக் கேட்க, இன்னொரு வாய் உறிஞ்சி நெடுநேரம் சுழற்றினார். இம்முறை துப்பவில்லை, விழுங்கிவிட்டார். ‘ஆம்’ என்று தட்டினார்.

“உங்க பைல்ல இருக்கற தம்பியும் அக்கா பைல்ல இருக்கற மாப்பிள்ளையும் ஒரே ஆளுதானுங்க. சேத்தியாச்சு.”

கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. சேர்த்த பைலை அக்காவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு மகளுக்குப் போன் செய்தவள், “மாப்பிள்ளை நல்லா இருக்காரா?” என்று மட்டும் கேட்டாளாம்.

அந்த ஒரு வாயை அவர் ஏன் விழுங்கினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.