மார்த்தாவின் ‘கேதா’வும் எங்களுடைய ‘இரு’வும்

2006 ஆகஸ்டில் தங்கை சாந்திக்குச் சத்திரசிகிச்சை. ஒரு கிழமை சமைத்துக் கொடுக்க ஸ்காபரோவிலிருந்து மொன்றியலுக்குப் போனேன். பஸ்ஸில் 540 கிலோமீற்றர், ஆறரை மணித்தியாலம். அங்கிருந்து ஒரேஞ்ச் மெட்ரோவில் ஜான்-டலோன் நிலையம். டிக்கற் இரண்டரை டாலர். சாந்தி இருப்பது வில்லரேயில்.

அவளுக்கு மேல்வீட்டில் மார்த்தா, கொலம்பியாக்காரி. இருவரும் ஜான்-டலோன் சந்தையில் ஒரே மரக்கறிக் கடையில் வேலை. அதனால் சாந்திக்கு ஸ்பானிஷ் விளங்கும். அந்த வெள்ளிக்கிழமை மார்த்தாவின் அகதி விசாரணை. இந்த நாட்டில் இருக்கலாமா, திரும்பிப் போக வேண்டுமா என்பது அன்று தெரிந்துவிடும்.

சாந்தி நடக்க முடியாததால் மார்த்தாதான் என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போனாள். வழி கேட்டவர்களிடமும், கத்தரிக்காய்ப் பெட்டியைத் தட்டிப் பார்த்தபோதும், என் கைத்தறிச் சேலையைத் தொட்டுப் பார்த்தபோதும் அவள் வாயில் ‘கேதா’.

“எல்லாத்துக்கும் கேதா எண்டுறாளடி, அதென்ன?” என்று வீட்டில் கேட்டேன்.

“எங்கட ‘இரு’ தான், அக்கா” என்றாள் சாந்தி. ‘தோந்தே கேதா’ என்றால் எங்கை இருக்கு. வெறும் ‘கேதா’ என்றால் மிச்சம் இருக்கோ. ‘தே கேதா போனிதோ’ என்றால் உனக்கு வடிவாய் இருக்கு. ஒருவரைப் போகாமல் நிற்கச் சொல்வதென்றால் ‘கேதாத்தே’.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. ஆனாலும் அன்றிரவு அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். இரண்டு கடல்களுக்கு அப்பால் இருந்தவர்களுக்கும் எங்களுக்கும் ஒரு சொல்லை இத்தனை பக்கம் ஒரே மாதிரி மடித்துக் கொடுத்தவன் யார்? முருகா.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அவள் பெயரையும் சொல்லிக் கும்பிட்டேன். பின்னேரம் மார்த்தா வந்து வாசலிலேயே நின்றாள். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் உட்காரச் சொல்ல நாங்கள் முதலில் சொல்வது ‘இருங்கோ’ அல்லவா? கதிரையை இழுத்துப்போட்டு, “கேதாத்தே” என்றேன்.

“ஐயோ அக்கா, அது கதிரையில இருக்கச் சொல்லுறதில்லை. போகாதை, இஞ்சையே இரு எண்டெல்லோ சொல்லிப்போட்டாய்” என்றாள் சாந்தி கட்டிலிலிருந்து.

மார்த்தா கதவுநிலையைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். “மே கேதோ” என்றாள். பிறகும் ஒருமுறை, மெதுவாக, “மே கேதோ.”

சாந்தி என் பக்கம் திரும்பினாள். “இருக்கலாமாம், அக்கா.”

அதற்குப் பிறகுதான் மார்த்தா கதிரையில் இருந்தாள்.

போகிறவர்கள் சந்தைக்குக் காலையிலேயே போங்கள். கீரை வாடாமல் கிடைக்கும். வழி தவறினால் கேட்க ‘தோந்தே கேதா’வைப் பாடமாக்குங்கள், அங்கே ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நிறையப்பேர். யாராவது உங்கள் வாசலில் தயங்கி நின்றால் ‘கேதாத்தே’ என்று சொல்லுங்கள். நான் பிழையாகத்தான் சொன்னேன். போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சரியாகவே போய்ச் சேர்ந்தது.