ரூத்தின் ஆறாவது புளியங்கொட்டை

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த ரூத், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக டென்னிஸ் பந்து கிரிக்கெட் மேட்ச்சுக்கு அம்பயராகக் கிளம்பிவிடுவாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு பெண் அம்பயர் கிடையாது. இடது பாக்கெட்டில் ஆறு புளியங்கொட்டை வைத்திருப்பாள். ஒவ்வொரு பந்துக்கும் ஒன்று வலது பாக்கெட்டுக்கு மாறும். ஓவர் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

2007இல் வந்தது வினை. உள்ளூர் கிரிக்கெட்டுக்கென்று யாரோ தொடங்கிய இணைய அரட்டைப் பக்கத்தில் 'மிடில் ஸ்டம்ப்' என்று ஒரு முகமூடி அவளைக் கிழிகிழியென்று கிழித்தது. பொம்பளைக்கு மைதானத்தில் என்ன வேலை என்றது. நாற்று நட்டவள் மகளுக்குத் தொப்பி ஒரு கேடா என்றது. பேர் சொல்லத் துப்பில்லாத ஜென்மங்கள் இருபது பேர் கீழே ஆமாம் சாமி போட்டார்கள். பிரவுசிங் சென்டரில் அதைப் படித்து ரூத் அழுதாள். பொய் சொல்வானேன், தேம்பித் தேம்பி அழுதாள்.

மதுராந்தகம் ஃபைனலுக்கு நான்கு நாள் இருக்கையில் டோர்னமென்ட் செயலாளர் வரதன் கடைக்கே வந்துவிட்டார்.

"ஒரே பேஜாரா கீதும்மா. இந்த ஒரு மேட்ச் வுட்டுடு. உன் எடத்துல அம்பயரா ஏசுதாஸ் நிக்கட்டும்."

"நான் எங்கனா தப்பா அவுட் குடுத்தேனாண்ணா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல."

"அப்ப நான்தான் நிப்பேன். வேணாம்னு சொல்றவன் பேரைப் போட்டு சொல்லட்டும்."

மறுநாள் மிடில் ஸ்டம்ப் எழுதியது: 'ஒரு புளியங்கொட்டைய தொலைச்சுட்டு கூழாங்கல்ல வெச்சு எண்ணுது. இதுவா ஃபைனல் அம்பயர்?'

ரூத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. செமிஃபைனலில் கொட்டை தொலைந்த சங்கதியை அவள் சொன்னது ஒரே ஆளிடம்தான். கூட நின்ற அம்பயர் கிருபாகரன். அவள் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்ட மனுஷன்!

ஃபைனல் அன்று டாஸுக்கு முன்னால் அவனைத் தனியே கூப்பிட்டு உள்ளங்கையை விரித்தாள்.

"புதுக் கொட்டை கொண்டாந்துட்டேண்ணா. ஆறு கீது, எண்ணிக்கோ."

கிருபாகரன் முகம் செத்துப்போனது. "நீ வந்ததுலேர்ந்து எல்லா டீமும் உன்னையே கேக்குறாங்க, ரூத்து. அந்த வயித்தெரிச்சல்... வரதன்கிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா உன்ன நிக்க வுடமாட்டாங்க. நீ நல்ல அம்பயரு. வா, டைமாவுது."

கடைசி ஓவரில் கீப்பர் தரையோடு தரையாகப் பிடித்த கேட்சுக்குக் கிருபாகரன் விரலைத் தூக்கினான். மேட்ச் அதோடு முடிந்தது. மறுநாள் காலை அரட்டைப் பக்கம் முழுக்க அவனுக்கு அர்ச்சனை. பந்து தரையில் பட்டுவிட்டதாம். குருடன் என்றார்கள், விலைபோனவன் என்றார்கள், அவன் அம்மாவைக்கூட விட்டுவைக்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் நன்றாக வேண்டும் என்று சிரித்திருப்பார்கள். நானாக இருந்தால் சிரித்திருப்பேன். ரூத் கடை திறக்கும் முன்பே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினாள்: 'ஸ்கொயர் லெக்கில் நின்றது நான். பந்து தரையில் படவில்லை. அவுட் சரி. மு. ரூத், ஜெராக்ஸ் கடை, பஸ் ஸ்டாண்டு எதிரில். சந்தேகம் இருந்தால் நேரில் வரலாம்.'

அந்தப் பக்கத்தில் சொந்தப் பெயரோடு விழுந்த முதல் வரி அது. ஒருத்தனும் நேரில் வரவில்லை. மத்தியானம் அதற்குக் கீழே இன்னொரு வரி விழுந்தது: 'மிடில் ஸ்டம்ப் நான்தான். கிருபாகரன்.'